சாலை விபத்து இழப்பீடு: அடிபட்டவர் கேட்க வேண்டியதும் காட்ட வேண்டியதும்

விபத்து நடந்த அரை மணி நேரத்துக்குள் ஒரு பேச்சு வந்துவிடும். “போலீஸ், கேஸெல்லாம் வேண்டாம்ணே. ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கறேன்” என்று இடித்த வண்டிக்காரர் சொல்வார். கூடி நிற்பவர்களும் அதுதான் நல்லது என்பார்கள். அவர் மனதாரவே சொல்லியிருக்கலாம். ஆனால் முறிந்த முழங்காலுக்குத் தகடு வைத்து, பிசியோதெரபி முடித்து, மறுபடி வேலைக்குப் போகும்வரை ஆகும் செலவு ஒரு தனி மனிதரின் சேமிப்பு தாங்கக்கூடியது அல்ல. அவர் தாங்க வேண்டும் என்று சட்டமும் எதிர்பார்க்கவில்லை. சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988, தன் 146-வது பிரிவில் சொல்வது இதற்காகத்தான். அந்தக் காப்பீட்டில், வெளியாள் ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ நேரும் சேதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் 5 லட்சம் என்று சொன்னாலும் 50 லட்சம் என்று சொன்னாலும் காப்பீட்டு நிறுவனம்தான் கட்ட வேண்டும்.

எனவே சம்பவ இடத்தில் கையில் திணிக்கப்படும் பணத்துக்காக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரச் செலவுக்கு அவர் பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுப்பதுதான் தவறு. வழக்குப் பதிவைக் கைவிட்டால் நீங்கள் விட்டுக்கொடுப்பது அந்த வண்டிக்காரருக்கு அல்ல, அவரிடம் ஆண்டுதோறும் பிரீமியம் வாங்கிய நிறுவனத்துக்கு.

முதல் இரண்டு நாட்கள்

சிகிச்சைக்குப் பணம் இல்லையே என்ற பயத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாராக இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் சேர்ந்தவை. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. நல்லெண்ணத்தில் அடிபட்டவரைத் தூக்கி வந்தவர் மீது, அடிபட்டவரின் காயத்துக்காகவோ மரணத்துக்காகவோ வழக்குப் போட முடியாது என்பதும் 134-ஏ பிரிவில் சட்டமாகவே இருக்கிறது. அதைச் சொல்லி உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

மருத்துவமனையில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, பெரும்பாலான குடும்பங்கள் கவனிக்கத் தவறுவது, விபத்துப் பதிவேடு. ‘ஏ.ஆர். என்ட்ரி’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கேஷுவாலிட்டியில் பணியிலிருக்கும் மருத்துவர் “என்னம்மா ஆச்சு?” என்று கேட்பார். கூட வந்தவர் பதற்றத்தில் “பைக்குல போய்க்கிட்டிருந்தார் டாக்டர், விழுந்துட்டார்” என்பார். மருத்துவர் அதைத்தான் எழுதுவார். அந்த ஒரு வரி இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கையில் இருக்கும். “மனுதாரர் தானாகவே சறுக்கி விழுந்தார். கார் மோதியது என்பது பிறகு சேர்த்த கதை” என்பார். ஆகவே முதல் வாக்கியத்திலேயே முழு விவரத்தையும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எந்தச் சாலையில், எந்தத் திசையிலிருந்து, என்ன வண்டி மோதியது. எண் தெரிந்தால் எண். தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாத வெள்ளை நிறச் சரக்கு வேன்’ என்றாவது. முடிந்தால் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அடிபட்டவருக்கு நினைவு இல்லாத நிலையில், பார்க்காத ஒருவர் ஊகித்துச் சொல்வதைவிட, ‘எப்படி நடந்தது என்று தெரியவில்லை, சாலையில் கிடந்தார்’ என்று உண்மையைச் சொல்வது எவ்வளவோ மேல்.

முதல் தகவல் அறிக்கை அடுத்தது. ஆள் ஐ.சி.யு.வில் இருக்கும்போது வீட்டார் காவல் நிலையம் போக முடியாமல் நான்கைந்து நாள் கடந்துவிடுவது இயல்பு. தாமதம் ஆனாலே வழக்கு செத்துவிடாது. ஆனால் தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். மோதிய ஓட்டுநர் மீது காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளிலும் உயிரிழப்பு என்றால் 106-வது பிரிவிலும் வழக்கு வரும். அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். அதோடு பார்வை மகஜர், ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிறகு குற்றப்பத்திரிகை ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேருங்கள். ரஃப் ஸ்கெட்ச்சைக் கண்ணால் பாருங்கள். வண்டி நின்ற இடம் சாலையின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது தவறாக வரையப்பட்டிருந்தால், அது ‘இருவர் மீதும் தவறு’ என்று முடிந்து தொகையில் கால் பங்கோ பாதியோ போய்விடும்.

வண்டி எண் இருந்தால் அதன் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று ‘எம்-பரிவாகன்’ செயலியில் பார்த்து அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

யார் தருவார்?

இடித்த வண்டிக்குக் காப்பீடு இருந்தால் நிறுவனம் தரும். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று நிறுவனம் கைகழுவப் பார்த்தாலும், அடிபட்ட வெளியாளுக்கு முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்றுதான் நீதிமன்றங்கள் பொதுவாக உத்தரவிடுகின்றன. உச்ச நீதிமன்றம் 2004-ல் சுவரண் சிங் வழக்கில் வகுத்த வழி அது. ஆகவே ‘லைசென்ஸ் இல்லாத பையன் இடித்தான், ஒன்றும் வராது’ என்ற ஊர்ப்பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அரசுப் பேருந்துக்குக் காப்பீடு இருக்காது. போக்குவரத்துக் கழகமே தன் நிதியிலிருந்து தரும். கழகத்தின் நிர்வாக இயக்குநரை எதிர்மனுதாரராகச் சேர்த்து வழக்குப் போட வேண்டும்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், 161-வது பிரிவின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் அடங்கும். இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியரிடமோ தாசில்தாரிடமோ விண்ணப்பிக்க வேண்டும். அது மாவட்ட ஆட்சியருக்குப் போய் அனுமதியாகும். சொற்பத் தொகைதான், ஆனால் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம்.

சிக்கல் அதிகம் வருவது பின்னிருக்கைக்காரருக்கு. நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனீர்கள், நண்பர்தான் தவறாக ஓட்டி விழுந்தார் என்றால், அவர் எடுத்திருப்பது வெறும் மூன்றாம் தரப்பு பாலிசியா, முழுக் காப்பீடா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. வெறும் மூன்றாம் தரப்பு பாலிசி பின்னிருக்கைக்காரரைக் காப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொல்லிவிட்டது. முழுக் காப்பீடு காக்கும். எதிரே வந்த வண்டி மீது தவறு என்றால் இந்தக் கேள்வியே எழாது, அந்த வண்டியின் நிறுவனம் தரும்.

தன் தவறால் தானே விழுந்து அடிபட்டவர், வண்டி உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருந்தால், இழப்பீட்டு மனுவுக்கான 166-வது பிரிவில் யாரிடமும் கேட்க முடியாது. அவருக்குக் கைகொடுப்பது பாலிசியோடு எடுக்கும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே. உயிரிழப்புக்கும் குறிப்பிட்ட நிரந்தர ஊனங்களுக்கும் அது பொருந்தும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. பழைய பைக்கை விற்று, ஆர்.சி. பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், அது யார் கையில் இடித்தாலும் பதிவேட்டில் உள்ள உங்கள் பெயருக்குத்தான் நோட்டீஸ் வரும். பதிவில் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. காப்பீடும் காலாவதி ஆகியிருந்தால் தீர்ப்புத் தொகைக்கு உங்கள் வீடுதான் ஜாமீன். இன்று மாலைக்குள் பார்த்துவிட வேண்டிய விஷயம் இது.

எவ்வளவு கேட்கலாம்?

காயத்துக்கான இழப்பீட்டில் பல தலைப்புகள் உண்டு. மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த சம்பளம், வலியும் வேதனையும், போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து கவனித்தவருக்கான தொகை, இனி ஆகப்போகும் மருத்துவச் செலவு என்று நீளும். இவற்றில் இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். உடனிருந்து பார்த்துக்கொண்டது மனைவியோ அம்மாவோதான், சம்பளம் கொடுக்கவில்லை என்பதால் அந்தத் தலைப்பு இல்லாமல் போகாது. அவர்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்களைக் குறித்து வையுங்கள். எலும்பில் வைத்த தகட்டைப் பின்னால் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அதற்கு ஆகும் செலவை அவர் லெட்டர்ஹெட்டில் மதிப்பீடாக எழுதி வாங்குங்கள். தீர்ப்பு வந்த பிறகு கேட்க முடியாது.

பெரிய தொகை வருவதும் பெரிய இழப்பு நேர்வதும் ஒரே தலைப்பில்: நிரந்தர ஊனத்தால் வரும் வருமான இழப்பு. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அரசு மருத்துவமனையின் மெடிக்கல் போர்டு உங்களைப் பரிசோதித்து ‘30 சதவீத ஊனம்’ என்று சான்று தரும். அது உடலின் கணக்கு. உங்கள் பிழைப்பு எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு கணக்கு. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பு ஏறக்குறைய முழுதும் போய்விடலாம். அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை நீடித்தால் வருமானம் அதே அளவு குறையாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 34 வயது டைல்ஸ் போடும் கொத்தனார். மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தவர். முழங்கால் முறிந்து, ஆறியபின் மடக்க முடியவில்லை. போர்டு 30 சதவீதம் தந்திருக்கிறது. நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் ‘சதவீதத்துக்கு இவ்வளவு’ என்று தரும் ஒரு பழைய வழக்கம் உண்டு. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் அவருக்குக் கிடைப்பது 1,50,000 ரூபாய். இப்போது, ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் ‘பெருக்கி’ முறையில் பாருங்கள். நாற்பது வயதுக்குக் கீழ் உள்ள சுயதொழில் செய்பவருக்கு வருங்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ன் பிரணய் சேத்தி தீர்ப்பு. 18,000 என்பது 25,200 ஆகிறது. ஆண்டுக்கு 3,02,400. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கி 16 என்பது 2009-ன் சரளா வர்மா தீர்ப்பில் உள்ள அட்டவணை. பெருக்கினால் 48,38,400. அதில் 30 சதவீதம் 14,51,520 ரூபாய். ஆனால் டைல்ஸ் வேலை முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செய்வது. முழங்கால் மடங்காதவரால் அந்த வேலையைச் செய்யவே முடியாது. சித்தாள் வேலையோ காவலாளி வேலையோ பார்த்துப் பாதிச் சம்பளம் வாங்கலாம். அதை நிரூபித்து, பிழைப்பிழப்பு 50 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் தொகை 24,19,200. அதே கால், அதே சான்றிதழ், ஒன்றரை லட்சத்திலிருந்து இருபத்து நான்கு லட்சம் வரை வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது வழக்கறிஞரின் சாமர்த்தியத்தைவிட, மனுதாரர் தன் வேலையை எவ்வளவு விவரமாகச் சொல்கிறார் என்பதுதான் என்று நான் நம்புகிறேன். ‘கூலி வேலை’ என்று மனுவில் ஒரு சொல்லில் முடித்துவிட்டால் நீதிபதிக்கு என்ன தெரியும்? காலை எத்தனை மணிக்குப் போவார், எத்தனை கிலோ தூக்குவார், எவ்வளவு நேரம் நிற்பார், எந்தப் படியில் ஏறுவார் என்று எழுத வேண்டும். மேஸ்திரியையோ முதலாளியையோ சாட்சியாகக் கூப்பிட வேண்டும். சிகிச்சை தந்த மருத்துவரிடம் ‘இவரால் இனி குத்துக்காலிட முடியுமா’ என்று நேராகக் கேட்டுப் பதிலைப் பதிவு செய்ய வேண்டும். வலது கையை இழந்த ஒரு டைப்பிஸ்ட்டின் வழக்கில் உயர் நீதிமன்றம் 45 சதவீத வருமான இழப்பு என்றதை, அவர் தொழிலைக் கணக்கில் எடுத்து 65 சதவீதமாக உயர்த்தியது உச்ச நீதிமன்றம். 2020-ல் வந்த தீர்ப்பு. காயம்பட்டு உயிரோடு இருப்பவருக்கும் வருங்கால உயர்வு உண்டு என்பதையும் அதே தீர்ப்பு உறுதி செய்தது.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், அப்படிப்பட்டவரிடம் வருமானச் சான்று கேட்பது சரியல்ல என்று சொல்லி, 2008-ல் நடந்த விபத்துக்கு மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றமே நிர்ணயித்தது. அவரது பிழைப்பிழப்பை 85 சதவீதம் என்று ஏற்றது. வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்ணுக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்பதும் முடிவான சட்டம். இருந்தாலும் கையில் இருப்பதைக் காட்டுங்கள்: ஜி-பே வரவு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, மகளிர் குழுக் கடன் புத்தகம், தவணை கட்டிய ரசீது. மாதம் 6,000 தவணை கட்டியவர் 8,000 சம்பாதித்தார் என்று எதிர்த்தரப்பு சொல்ல முடியாது.

உயிரிழப்பு வழக்குகளில் இதே கணக்கில் இறந்தவரின் சொந்தச் செலவாக ஒரு பங்கு கழிப்பார்கள். மணமாகாதவர் என்றால் பாதி, நம்பியிருந்தவர் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று, நான்கு முதல் ஆறு பேர் என்றால் கால். இறந்தவரின் எல்.ஐ.சி. பணத்தையோ பி.எஃப். பணத்தையோ இதிலிருந்து கழிக்கக் கூடாது.

வழக்குப் போடுதல்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் ‘எம்.சி.ஓ.பி.’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இதைப் பார்க்கிறது. விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். உளுந்தூர்பேட்டை அருகே அடிபட்ட நாகர்கோவில்காரர் நாகர்கோவிலிலேயே வழக்கு நடத்தலாம். ஊன்றுகோலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.

காலக்கெடு ஆறு மாதம். 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு இந்த வரம்பு வந்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அவற்றை நம்பிக் காத்திருக்காமல் நான்கு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். சிகிச்சை முடியவில்லையே, ஊனச் சான்று வரவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம், பிறகு தாக்கல் செய்யலாம். காவல்துறையும் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அது அனுப்பப்பட்டதா என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

யார் தவறு என்ற விவாதமே இல்லாமல், உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று 164-வது பிரிவில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சிறிய முறிவு, முழுதாக ஆறிவிட்டது என்றால் அது நல்ல வழி. மேலே சொன்ன கொத்தனார் அதை ஏற்றால் தீர்ப்பாய வழக்கு அத்தோடு முடிந்துபோகும். கையெழுத்துக்கு முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வழக்கறிஞரைப் பற்றி. மருத்துவமனை வார்டுக்கே வந்து “கேஸை நாங்க பார்த்துக்கறோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்பவர்களிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வரும் தொகையில் பங்கு என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. நடைமுறையில் அது பரவலாக நடக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். ஃபீஸைத் தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எதுவானாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

லோக் அதாலத்தில் முடித்தால் பணம் விரைவில் வரும், ஆனால் அதன் மீது மேல்முறையீடு கிடையாது. சமரசத் தொகை உங்கள் கணக்கில் எத்தனை பங்கு என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். வீட்டில் கடன் நெருக்கும்போது குறைத்து வாங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. தெரிந்து குறைப்பதும் தெரியாமல் இழப்பதும் ஒன்றல்ல.

தீர்ப்புக்குப் பின்

தொகைக்கு மனுத் தாக்கல் நாளிலிருந்து வட்டி உண்டு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம். நீங்கள் மனுவில் கேட்டதைவிட அதிகமாகவும் தீர்ப்பாயம் தரலாம். குறைவு என்று பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. சர்ச்சைத் தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் மேல்முறையீடு செய்ய முடியாது. சிறுவர்களின் பங்கு அவர்கள் வயது வரும்வரை வங்கி வைப்பில் இருக்கும், படிப்புக்கோ சிகிச்சைக்கோ தேவைப்பட்டால் மனுப் போட்டு எடுக்கலாம்.

தீர்ப்பு வந்தும் பணம் வராமல் இழுத்தடிப்பது அரசுப் பேருந்து வழக்குகளில் அதிகம். நிறைவேற்று மனுவின் பேரில் பேருந்து நிலையத்திலேயே பேருந்தை ஜப்தி செய்ததாக நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். பயணிகளோடு நிற்கும் பேருந்தை நிறுத்துவதா என்று சங்கடப்பட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அந்தச் சங்கடம் உங்களுடையது அல்ல. உரிய நாளில் பணம் கட்டாதவர்களுடையது. பணம் கட்டத் தீர்ப்பில் தந்த கெடு முடிந்த மறு வாரமே நிறைவேற்று மனுவைப் போடச் சொல்லுங்கள். வட்டி, பணம் கட்டும் நாள்வரை ஓடும். ஆகவே மனுவில் அன்றைய தேதிவரை கணக்கிட்டு எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.